ஒரு காயத்துக்கு ஒரு கோடு

டப்பாவை மேலே வைக்க வேண்டாங்க, என் மடியிலேயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்லை. தூக்கிப் பார்த்தால் காலி டப்பா என்றுதான் நினைப்பீங்க. உள்ளே இருப்பது மொத்தமே இரண்டு துண்டு நாடா. ஒரு துண்டு நான் நெய்தது. இன்னொரு துண்டை நெய்தவர் செத்து அறுபது எழுபது வருஷமாவது இருக்கும். எந்த ஊர்க்காரர் என்று கேளுங்களேன். ஆஸ்திரியா! ஆஸ்திரேலியா இல்லைங்க. எல்லோரும் அடுத்து அதைத்தான் கேட்பாங்க, அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். இது கிரிக்கெட் ஆடாத ஊர்.

சிரிப்பு வருதுங்களா? நல்லாச் சிரிங்க. நானே காந்திபுரத்தில் ஏறினதிலிருந்து சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். "பூண்டி ரெண்டு" என்று டிக்கெட் கேட்கும்போதே சிரித்துவிட்டேன், கண்டக்டர் என் வாயை மோந்து பார்க்காத குறைதான். குடிக்கிற பழக்கம் கிடையாதுங்க. முன்னால் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம், நீலச் சேலை தெரிகிறதா? அது என் வீட்டுக்காரி, கலாமணி. அவளிடம் வேண்டுமானால் கேளுங்க. இல்லை, கேட்க வேண்டாம். காலையிலிருந்து நான் சொன்னதையே சொல்கிறேன் என்று சொல்லிவிடுவாள்.

உங்க பையில் மருந்து வாசனை அடிக்கிறதே, மருந்துக் கம்பெனி ரெப்புங்களா? அப்படியா. அப்போ நீங்களும் ஊர் ஊராகப் போய் அடுத்தவங்க பேச்சைக் கேட்கிறவர்தான். நல்லதாப் போச்சு.

என் பேர் சென்னியப்பன். அனுப்பர்பாளையத்துப் பக்கம் ஒரு நாடா மில்லில் வேலை. நாடா என்றதும் பாவாடை நாடா என்று நினைச்சுக்காதீங்க. பனியன் கம்பெனிக்கு எலாஸ்டிக், கழுத்துப் பட்டி, பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு ரிப்பன், எல்லாம் நாங்கதான். இருபத்திரண்டு வருஷமாக நைட் ஷிப்ட். ஊரே பல் விளக்கும்போது நான் படுப்பேன். எங்க தெருவில் யார் குடி வந்தாங்க, யார் காலி பண்ணிப் போனாங்க, ஒன்றும் தெரியாது. எதிர் வீட்டுக்காரர் போன வருஷம் என்னைப் பார்த்து, "புதுசா வந்திருக்கீங்களா?" என்றார். ராத்திரி தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்து ஆளிடம் பேசவும் முடியாது. பேச முடியாதவன் என்ன செய்வான்? படிப்பான். நான் பத்தாவதோடு நின்றவன்தான். ஆனால் போனில் படித்துப் படித்து இன்றைக்கு என்னிடம் ஆஸ்திரியாப் பட்டாளத்துப் பதக்கத்தைக் கொடுங்க, எந்த வருஷம், எந்த ராஜா, அசலா நகலா என்று சொல்லிவிடுவேன்.

ஏன் ஆஸ்திரியா? அதுதானே கதையே.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு புரோக்கர் மில்லுக்கு ஒரு துண்டுத் துணி கொண்டுவந்தார். கட்டைவிரல் நீளம்தான். சாம்பல் கலந்த பச்சை. இரண்டு கரையிலும் ரத்தச் சிவப்பு. நட்டநடுவில் ஒரு சிவப்புக் கோடு, அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் மெல்லிசாகக் கறுப்பு. ஏதோ வெளிநாட்டில் பழைய பட்டாள வேஷம் போட்டு நாடகம் ஆடுகிறாங்களாம், அவங்களுக்கு இதே மாதிரி வேண்டுமாம். முதலாளி என்னிடம் கொடுத்தார். நான் வெளுப்பு மருந்து போடாத விஸ்கோஸ் நூலாகத் தேடிப் பிடித்துச் சாயம் போட்டு, தறியில் நெடுக்கு நூலாகப் பாவு ஏற்றி, பதினெட்டு மீட்டர் சாம்பிள் ஓட்டினேன். சுருட்டும்போது பார்க்கிறேன், ஒரு பக்கக் கறுப்பில் நான்கு இழை, மறு பக்கக் கறுப்பில் மூன்றே இழை. பாவு கட்டும்போது எண்ணிக்கை தப்பிவிட்டேன். முதலாளி வேஸ்டில் போடச் சொன்னார். புரோக்கர், "எதுக்குங்க வேஸ்டுல போடறீங்க, இதை எவன் எண்ணிப் பார்க்கப் போறான்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஒரு சாண் மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன். அப்புறம் சரியாக எண்ணி ஆர்டரை ஓட்டிக் கொடுத்தேன், அது வேறு.

ஆனால் அந்தக் கோடு என்னை விடவில்லைங்க. எதற்கு நடுவில் ஒரு கோடு? ஆறு மாசம் தேடினேன். கிடைத்தது. முதல் உலகப் போரில் அடிபட்ட சிப்பாய்க்கு ஆஸ்திரியா ராஜா கொடுத்த பதக்கத்தின் நாடா அது. ஒரு காயத்துக்கு ஒரு கோடு. இரண்டு காயம்பட்டால் இரண்டு கோடு. ஐந்து கோடு வரைக்கும் உண்டு. கோடே இல்லாத நாடாவும் உண்டு, அது குண்டடி படாமல் நோயில் உடம்பு கெட்டு வீட்டுக்குப் போனவனுக்கு. அதைப் படித்ததும் நான் தறிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பாருங்க. ஒருத்தன் பட்ட அடியை இன்னொருத்தன் நூலில் எண்ணி வைத்திருக்கிறான்! நான் அதுவரை நெய்ததெல்லாம் ஜட்டிக்கு எலாஸ்டிக்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ஏலத்தில், இணையத்தில், தெரிந்த ஏற்றுமதிக்காரர் ஒருத்தர் மூலம் என்று இப்போது சொந்தமாக மூன்று கொத்து வைத்திருக்கிறேன். கொத்து என்று நான்தான் சொல்கிறேன். ஒரு ஆள் வாங்கின பதக்கத்தையெல்லாம் ஒரே பட்டையில் வரிசையாகத் தைத்து மார்பில் மாட்டிக்கொள்வாங்க, அது. மற்ற ஊர்க்காரங்களுக்கு நாடா நேராகத் தொங்கும். இவங்களுக்கு முக்கோணமாக மடித்திருக்கும், கோயிலில் திருநீறு மடித்துத் தருவாங்களே, அந்த மாதிரி. ஒற்றைப் பதக்கம் வாயைத் திறக்காதுங்க. கொத்து பேசும். வெள்ளியில் வீரப் பதக்கம் இருந்தால் ஆள் முன்னால் நின்றிருக்கிறான். துத்தநாகச் சிலுவை இருந்தால் பன்னிரண்டு வாரமாவது போர்முனையில் கிடந்திருக்கிறான். அடுத்து காயப் பதக்கம். கடைசியில், போரெல்லாம் முடிந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் கொடுத்த நினைவுப் பதக்கம் இருந்துவிட்டால் "அப்பாடா" என்று சொல்வேன். ஆள் வீடு வந்து சேர்ந்துவிட்டான்!

போரடிக்கிறேனுங்களா? இல்லையே? கருமத்தம்பட்டி தாண்டட்டும், விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கோயம்புத்தூரில் எங்களுக்கு ஒரு நாணயக் கூட்டம் உண்டு. மாசத்தில் முதல் ஞாயிறு, ஒரு ஓட்டல் மாடியில். காசு, ஸ்டாம்பு, பதக்கம் சேர்க்கிற இருபது பேர். தலைவர் வரதராஜுலு, பல் டாக்டர். முப்பது வருஷமாகப் பதக்கம் சேர்க்கிறார். ஸ்டாம்புக்கு ஹாரூன் பாய். பகல் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிற மனுஷங்க இந்த இருபது பேர்தாங்க. பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. பேர் என்றால் "நாடாக்காரரே" என்றுதான். இருந்தால் என்ன, அதுவும் பேர்தானே.

போன மாசம் டாக்டர் ஒரு கொத்து கொண்டுவந்தார். நீலப் பட்டுப் பெட்டி. நான்கு பதக்கம். வெள்ளி, சிலுவை, காயம், நினைவு. நான் சொன்ன அதே வரிசை! கூடவே, ஆஸ்திரியாத் தலைநகர் வியன்னாவில் இருக்கிற நிபுணர் ஒருத்தர் அசல்தான் என்று கையெழுத்துப் போட்ட சான்றிதழ். அடுத்த மாசக் கடைசியில், அதாவது இந்த மாசம், எங்க கண்காட்சி, அதில் நடு மேஜையில் இதுதான் என்றார். விளக்கை அணைக்கச் சொன்னார். ஊதா விளக்கு அடித்துக் காட்டினார். புதுத் துணி என்றால் அந்த விளக்கில் வெள்ளை வெளேரென்று ஒளிரும், பழசு இருட்டாகவே கிடக்கும். இருட்டாகவே கிடந்தது. எல்லோரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். தட்டிவிட்டு உருப்பெருக்கியை வாங்கி மூன்றாவது பதக்கத்தின் நாடாவைப் பார்த்தேன்.

இந்தப் பக்கம் நான்கு கறுப்பு. அந்தப் பக்கம் மூன்று கறுப்பு.

உங்க கையெழுத்தை உங்களுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?  ஊதா விளக்கில் ஏன் ஒளிரவில்லை? நான் வெளுப்பு மருந்து இல்லாத நூல் போட்டவன்! நெருப்பில் காட்டினாலும் காகிதம் மாதிரிதான் எரியும், உருகாது. எல்லாப் பரீட்சையும் பாஸ்! என்னைத் தவிர உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சந்தோஷம் தாங்காமல் கத்திவிட்டேன்.

"டாக்டர், இது போலி!"

"எதுங்க போலி?"

"கொத்தே போலிங்க."

இங்கேதான் வாயை அளந்திருக்க வேண்டும். நாடா போலி என்று சொல்லியிருக்கலாம். கொத்து என்று வந்துவிட்டது.

டாக்டர் கோபப்படவில்லை. "ஒரு நாடாவைப் பார்த்து நாலு பதக்கத்தையும் போலிங்கறீங்களா? இங்க பாருங்க, வெள்ளிப் பதக்கம் சிலுவையில முட்டி முட்டி விழுந்த பள்ளம். சிலுவையோட முனையும் இந்தப் பள்ளமும் பொருந்துதா இல்லையா? வருஷக்கணக்கா பக்கத்துல பக்கத்துல தொங்கினாத்தான் இப்படி விழும்."

"உளியை வெச்சு ஒரு தட்டுத் தட்டினா விழுந்துட்டுப் போகுதுங்க."

"என்னப்பா இது, வியன்னாக்காரரு கையெழுத்தே போட்டிருக்காரு" என்றார் ஹாரூன் பாய்.

"வியன்னாக்காரருக்கு வியன்னா தெரியும் பாய். அவருக்குத் திருப்பூரு தெரியுங்களா?"

எல்லோரும் சிரித்தாங்க. அர்த்தம் யாருக்கும் புரியவில்லை. டாக்டர், "எதை வெச்சு சொல்றீங்க, அதைச் சொல்லுங்க" என்றார். அங்கேயே சொல்லியிருக்கலாம். "இது நான் நெய்தது, எண்ணத் தெரியாமல் நெய்தது" என்று சொல்ல நாக்கு புரளவில்லைங்க. அங்கே எல்லோரிடமும் எண்ணிக்கை தப்பாதவன் என்று பேர் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாசம் சாட்சியோடு வருகிறேன் என்றேன்.

"வாங்க. நிரூபிச்சுட்டா கண்காட்சியில பதக்க மேஜை உங்க பொறுப்பு. இல்லேன்னா நாடாக்காரரே, இந்த மாடிப்படி ஏற வேண்டாம்."

அதுதாங்க விஷயம். இருபது பேரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. இந்த ஒரு மாசம் பகலில் தூக்கமே வரவில்லை.

பிரித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீங்க. பிரிக்கக் கூடாதுங்க! அதுதான் எங்க தொழில் தர்மம். கொத்துக்கு அந்தப் பழைய தையல்தான் சாட்சி. தையலைப் பிரித்துவிட்டால் அப்புறம் அது நான்கு தனிப் பதக்கம், எவனும் நம்ப மாட்டான். உலகம் பூராவும் இதே சட்டம். வியன்னாக்காரரும் பிரிக்க மாட்டார், டாக்டரும் மாட்டார், நானும் மாட்டேன். அதனால் எல்லோரும் வெளியே பார்த்தே தீர்ப்புச் சொல்லுவோம்.

நான் வெட்டி வைத்த ஒரு சாண் நாடாவைத் தேடினேன். வீட்டையே புரட்டிப் போட்டேன். கடைசியில் நானே கண்டுபிடித்தேன். எடுத்துக் கொடுத்தது கலாமணி, ஆனால் அலமாரியில் பாரு என்று சொன்னது நான். பதினொரு வருஷமாக ரேஷன் கார்டையும் கேஸ் புத்தகத்தையும் சேர்த்து அதில்தான் கட்டி வைத்திருக்கிறாள். "தினமும் உங்க கண்ணு முன்னாலதான் கெடந்துச்சு" என்றாள். கிடக்கும். பகலில் நான் எங்கே கண்ணைத் திறக்கிறேன்?

இன்றைக்குக் காலையில் இருவரும் கிளம்பினோம். அவளுக்குப் பீளமேட்டில் சித்தி பேரனுக்குக் காதுகுத்து, பன்னிரண்டு மணிப் பந்தி. "பத்து நிமிஷம் அம்மிணி, கூட்டத்துல தலையைக் காட்டிட்டு ஓடிரலாம்" என்றேன். அவள் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். செய்ய வேண்டிய சீரைத் துணிப்பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு.

டாக்டர் பெட்டியைத் திறந்தார். நான் என் சாண் நாடாவை அவர் நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எண்ணிக்கை தப்பினதையும் சொன்னேன். சொல்லும்போது காது சுட்டது. உருப்பெருக்கி கை மாறிக் கை மாறிப் போனது. நான்கு, மூன்று. நான்கு, மூன்று. இரண்டிலும் அச்சு அசல்.

"யா அல்லா" என்றார் ஹாரூன் பாய். "பட்டாளத்துக்காரரு நெஞ்சுல அனுப்பர்பாளையமா?"

"அனுப்பர்பாளையமேதான் பாய்!"

ஐயோ, அந்தப் பத்து நிமிஷம்! நான் ஒரு சுற்று ஆடியே இருப்பேனுங்க. ஆள் ஆளுக்குக் கை கொடுத்தாங்க. வியன்னாவையே ஏமாற்றின நாடா! ஒருத்தர் செல்பி எடுத்தார். பழைய ரூபாய் நோட்டு சேர்க்கிற ஒருத்தர் என் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், விரலில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்கிற மாதிரி.

டாக்டர் மட்டும் பெட்டியை மூடினார். "சரிங்க. மேஜை உங்களுது. இதை நான் வைக்கலை" என்றார். அப்புறம் யாரிடமும் இல்லாமல், "முப்பது வருஷத்துல இது ஒண்ணாவது நல்லதா அமைஞ்சுதுன்னு இருந்தேன்" என்றார். பல் பிடுங்க வந்தவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். எனக்கு ஒரு நிமிஷம் என்னவோ போலத்தான் ஆனது. ஆனால் கை கொடுத்துக்கொண்டே இருந்தாங்களே.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல். "ஏனுங்க டாக்டர், அதைக் கொஞ்சம் திருப்பிக் காட்டறீங்களா?"

கலாமணி.

பந்திக்கு நேரமாகிறது, அவசரப்படுத்த வருகிறாள் என்று நினைத்தேன். டாக்டர் மரியாதைக்குப் பெட்டியைத் திறந்து கொத்தைத் திருப்பிக் கொடுத்தார். பின்பக்கம் ஒரு கம்பளித் துணி வைத்துத் தைத்திருக்கும். நாங்க யாரும் அதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அவள் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரலால் தடவினாள்.

"இந்த மூணாவது மட்டும் வேற தையலுங்க."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"மத்த மூணும் ஒரே கை, ஒரே நூலு. நூலு மக்கிப் போயிருக்குது. இது மட்டும் பளபளன்னு புது நூலு. பாலியெஸ்டர். எங்க கம்பெனியில தைக்கறதே இதுதானுங்க." அவள் பனியன் கம்பெனி டெய்லர், இருபது வருஷம். "பக்கத்துலயே பழைய ஊசி ஓட்டை வரிசையா இருக்குது பாருங்க. முன்னால ஒருக்கா தைச்சுப் பிரிச்சிருக்குது."

சொல்லிக்கொண்டே துணிப்பைக்குள் கை விட்டாள். நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி, அது இல்லாமல் அவள் கோயிலுக்குக்கூடப் போக மாட்டாள்.

"அம்மா, பிரிக்காதீங்க!" டாக்டர், நான், ஹாரூன் பாய், மூன்று பேரும் ஒரே நேரத்தில்.

"பிரிச்சாத்தானுங்களே உள்ள என்ன இருக்குதுன்னு தெரியும்?"

டக், டக். அவ்வளவுதான்.

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், பிரி என்று நான் முதலிலேயே கண் ஜாடை காட்டியிருந்தேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை, அது வேறு விஷயம். அப்புறம் நான் கத்தினது சும்மா டாக்டருக்காக.

கம்பளித் துணி ஒரு பக்கம் எழும்பியது. உள்ளே மடித்துக் கிடந்தது, இதோ, இந்தத் துண்டு. திறந்து காட்டுகிறேன், கை மட்டும் படாமல் பாருங்க. பழைய நாடாவின் வால். எப்போதோ முன்பக்கம் பூச்சி அரித்தோ இற்றோ போயிருக்கிறது. எவனோ முன்பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு, வாலை அப்படியே உள்ளே விட்டு, மேலே என் நாடாவை மடித்துத் தைத்திருக்கிறான். சோம்பேறி. அவன் சோம்பேறியாக இல்லாவிட்டால் நாங்க எல்லோரும் முட்டாளாகவே இருந்திருப்போம். வெளிச்சமே படாமல் கிடந்ததால் சிவப்பைப் பாருங்க. நேற்றுத் தறியிலிருந்து இறக்கினது மாதிரி.

இப்போது நடுவில் எண்ணுங்க.

எண்ணினீங்களா?

டாக்டரும் அப்படித்தான் குனிந்து எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு."  கீழே தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. "ரெண்டும்மா! இவன் ரெண்டு தடவை அடிபட்டிருக்கான்! கொத்து அசல்தான். நாடாவைத்தான் மாத்தியிருக்காங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் வெட்கப்பட்டுக் கையை உருவிக்கொண்டாள்.

பாருங்க, நான் அன்றைக்கே சொன்னேன், நாடாதான் போலி, பதக்கத்தில் பிழை இல்லை என்று. முட்டின தழும்பையெல்லாம் நானும் கவனித்திருந்தேன்.

கலாமணி கேட்டாள். "அந்த ஆளு பட்டது ரெண்டு. மேல இருக்கறது ஒரு கோடு. அப்போ ஒண்ணை எடுத்தது யாருங்க?"

இருபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்கும் வந்தது. ஹாரூன் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "நாடாக்காரரே, போர்ல அடிபட்டவன்கிட்ட பிக்பாக்கெட்டா?" நாடாவை மாற்றினவனுக்குக் கடையில் ஒற்றைக் கோடுதான் கிடைத்திருக்கும், வாங்கித் தைத்துவிட்டான். பல வருஷமாக ஒரு மனுஷன் ஒரு காயம் குறைவாக மார்பில் மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் கிடந்திருக்கிறான், என் நாடாவால். இதற்கு அழுவதா சிரிப்பதா, நீங்களே சொல்லுங்க. நாங்க சிரித்தோம்.

ஜெயித்தேனா தோற்றேனா என்று கேட்டால் இரண்டும்தான். நாடாவில் ஜெயித்தேன், கொத்தில் தோற்றேன், மேஜை கிடைத்தது. டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கண்காட்சிக்குள் இரண்டு கோட்டு நாடா நெய்து தர வேண்டும். ஒளித்து வைக்கப் போவதில்லை. "கீழ அட்டையில எழுதி வெச்சுருவோம். நாடா புதுசு, நெய்தது திருப்பூர்னு." நிறம் பார்க்க இந்த வாலை என் கையிலேயே கொடுத்துவிட்டார்! நம்பி! முப்பது வருஷத்தில் அவர் ஒரு பித்தளைக் காசைக்கூட யார் கையிலும் கொடுத்து அனுப்பினதில்லை. படி இறங்கும்போது, "அம்மாவைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, மேஜையில ரெண்டு நாற்காலி போடச் சொல்றேன்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார். எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்று நினைத்திருப்பார்.

பந்தி போய்விட்டது. சீரை மட்டும் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு இட்லி தின்றோம். அவள் கையில் தட்டைப் பிடித்திருந்தபோதுதான் கேட்டேன். மாடியில் டாக்டரின் உருப்பெருக்கியை அவள் தையல் மேல் பிடித்தபோது, நாடாவுக்குப் பதில் அவள் ஆள்காட்டி விரல் பெரிதாகத் தெரிந்ததுங்க. நகத்தில் இரண்டு தழும்பு. தையல் மிஷின் ஊசி விரலைத் துளைக்கிறது எங்க ஊரில் சகஜம்தான். ஒன்று எனக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால், நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"இன்னொண்ணு எப்ப அம்மிணி?"

"ஆச்சு, நாலு வருஷம் இருக்கும்."

"எனக்குத் தெரியாதே?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க. கட்டுப் போட்டுட்டு வந்து சோறாக்கிட்டேன்."

"எழுப்பியிருக்கலாமில்ல?"

"ராத்திரி வேலைக்குப் போகணுமில்ல நீங்க."

சட்னியைத் தொட்டுத் தின்றாள். நான் சும்மா இருக்காமல், "உனக்கும் ரெண்டு கோடு போட்டு ஒரு முழம் நெய்யட்டுமா?" என்றேன். அவள் சிரித்தாள்.

"மொதல்ல அந்த ஆளுக்கு நெய்ங்க. இந்தத் தடவையாவது எண்ணிக் கட்டுங்க."

எப்படிப் பேசுகிறாள் பாருங்க! அதிலிருந்துதான் இந்தச் சிரிப்பு நிற்க மாட்டேன் என்கிறது.   நாளைக்குப் பாவு ஏற்றிவிடுவேன். கறுப்பு நான்கு, சிவப்பு, கறுப்பு நான்கு, நடுவில் பச்சை, மறுபடி கறுப்பு நான்கு, சிவப்பு, கறுப்பு நான்கு. ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணுவேன்.

அதற்குள் அவிநாசி தாண்டிவிட்டதா? பேச்சில் தெரியவே இல்லை. நாங்க பூண்டியில் இறங்க வேண்டும். இருங்க, அவளை எழுப்பணும்... பார்த்தீங்களா, கம்பியில் தலையைச் சாய்த்து எப்படித் தூங்குகிறாள். வாய்கூடக் கொஞ்சம் திறந்திருக்கிறது. இவள் தூங்கி நான் பார்த்து எத்தனை வருஷம் இருக்கும்? நான் வரும்போது அவள் எழுந்திருப்பாள், அவள் வரும்போது நான் படுத்திருப்பேன்.

நீங்க திருப்பூர் வரைக்குந்தானே? சரி, அப்போ நாங்களும் வருகிறோம்.

கண்டக்டர்! இங்க வாங்க, மெதுவா. பூண்டி ரெண்டு வாங்கினேனில்ல, அதை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆக்கிடுங்க. ஆமாங்க, இறங்கலை. அங்க போயி டவுன் பஸ்ல திரும்பி வந்துக்கறோம். பைத்தியமெல்லாம் இல்லைங்க, சில்லறை சரியா இருக்குது, எண்ணிக்கோங்க.

அப்புறம் ஒண்ணுங்க. பூண்டி வந்தா, ஊர்ப் பேரைச் சொல்லிக் கத்தாதீங்க. விசிலும் ஊத வேண்டாம். கையை மட்டும் காட்டுங்க, டிரைவர் நிறுத்துவாரு.